மன அமைதி வேறு, இறைப்பற்று வேறு

மனநல ஆய்வில் இறைப்பற்றை அளக்க விரும்பும் மாணவர்கள் ஆண்டுதோறும் என்னிடம் கேள்வித்தாளைக் கொண்டுவருகிறார்கள். மொழிபெயர்ப்புச் சரிபார்ப்பு, முன்னோட்டம் எல்லாம் பாடநூலிலேயே உண்டு. அங்கே இல்லாத தவறுகளில், நான் பட்டுத் தெரிந்துகொண்டதை மட்டும் சொல்கிறேன்.

அமைதியை இறைப்பற்றின் கணக்கில் சேர்ப்பது

என் ஆய்வேட்டுக்கு ஃபேசிட்-எஸ்பி அளவுகோலை எடுத்தேன். 12 கூற்றுகளில் 8, வாழ்வின் பொருளையும் மன அமைதியையும் பற்றியவை. நம்பிக்கையைப் பற்றியவை 4தான். நோயாளிகளின் ஆன்மிக நலத்தை அளக்க உருவான கருவி அது; அந்த வேலைக்குச் சரியானது. நான் மொத்த மதிப்பெண்ணையும் இறைப்பற்று என்று எழுதிக்கொண்டேன்.

புறநோயாளிப் பிரிவில் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா. நெற்றி நிறையக் குங்குமம், மணிக்கட்டில் சமயபுரத்துக் கயிறு. விளக்கேற்றாமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்றார். "மனம் அமைதியாக இருக்கிறதா அம்மா?" என்று வாசித்தேன்.

"அது இருந்தால் இங்கே ஏன் தம்பி வந்து உட்கார்ந்திருக்கிறேன்?"

பூஜ்யத்தை வட்டமிட்டேன். கூட்டிப் பார்த்தபோது, இறைப்பற்றுக் குறைந்தவர்கள் பட்டியலில் அவர் இருந்தார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

இறைப்பற்று கூடக் கூட மனச்சோர்வு குறைகிறது என்று முடிவு பளிச்சென்று வந்தது. புள்ளியியல் பேராசிரியர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றில் 'வாழ்வதற்கு எனக்கு ஒரு காரணம் இருக்கிறது'. மற்றதில், மனச்சோர்வை அளக்க நான் பயன்படுத்திய பிஎச்கியூ-9 கேள்வித்தாளின் கடைசிக் கேள்வி: 'செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறதா?' ஒரே கேள்வியைத் திருப்பிக் கேட்டிருக்கிறாய் என்றார். நோயோடு வந்து பொறுமையாகப் பதில் சொன்னவர்களின் நேரம் அத்தனையும் வீண்.

இந்தக் கலப்படத்தைப் பற்றி, சமயத்துக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பை ஆராயும் அமெரிக்க மனநல மருத்துவர் ஹரால்ட் கோனிக் 2008இலேயே எச்சரித்து எழுதினார். இன்றும் அதே தாள் என் மேசைக்கு வருகிறது, எரிச்சலாக இருக்கிறது. ஒவ்வொரு கூற்றையும் படித்து, நிம்மதியாக வாழும் ஒரு நாத்திகர் இதற்கு 'ஆம்' என்பாரா என்று கேளுங்கள். என்பார் என்றால் அது இறைப்பற்றை அளக்கவில்லை.

மூன்றையும் கூட்டுவது

கோனிக் உருவாக்கத்தில் பங்குகொண்ட, இறைப்பற்றை அளக்கும் டியூக் அளவுகோலில் 5 கேள்விகள், மூன்று பிரிவுகள்: கூட்டு வழிபாடு, தனி வழிபாடு, உள்ளார்ந்த பற்று. மூன்றையும் ஒரே மதிப்பெண்ணாகக் கூட்டாமல் தனித்தனியே ஆராயுங்கள்.

கோயிலுக்குப் போவதை மட்டும் எண்ணுவது

தீட்டு, மூட்டுவலி, வீட்டிலேயே தொழும் முஸ்லிம் பெண்கள் எல்லாம் கணக்கில் தவறிவிடும். மனச்சோர்வு வந்ததால் போவதை நிறுத்தியவரும் உண்டு. எப்போதிலிருந்து போகவில்லை என்று கேளுங்கள்.

'கடவுள் நம்பிக்கை உண்டா?'

உண்டு என்பார்கள். மேலே எதுவும் தெரியாது.

கோபத்துக்கு இடம் விடாதது

துன்பம் வரும்போது சமயத்தை எப்படி நாடுகிறார்கள் என்பதை அளக்கும், உளவியலாளர் பார்கமென்டின் சுருக்க ஆர்கோப் அளவுகோலில் 14 கூற்றுகள். 7, கடவுள் கைவிட்டார், தண்டிக்கிறார் என்பது போன்ற தவிப்பைப் பற்றியவை. என் தாளில் அப்படி ஒன்றும் இல்லை. தாளை மடிக்கும்போது அந்த அம்மா, "முப்பது வருடமாகக் கும்பிடுகிறேன், ஆத்தா என் பக்கம் திரும்பவே இல்லை" என்றார். எந்தக் கட்டத்திலும் அடங்காததால் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன்.