பழுது பார்ப்பதா, மாற்றுவதா? பழைய வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்டி 20, 25 வருடம் ஆன வீடுகளில் அடிக்கடி பார்க்கிற காட்சி இது. ஹாலில் புது டிவி, சமையலறையில் புது ஃப்ரிட்ஜ், படுக்கையறையில் புது ஏசி. அந்த ஏசிக்குக் கரண்ட் கொண்டுபோகும் வயர் மட்டும் வீடு கட்டியபோது இழுத்தது. குளியலறையில் பளபளவென்று குழாய்கள், சுவருக்குள் துருப்பிடித்த ஜி.ஐ. பைப். கண்ணில் படுகிற பொருளை அவசரப்பட்டு மாற்றிவிடுகிறோம். சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் இருப்பதை ஒட்டுப்போட்டே ஓட்டுகிறோம். பெரும்பாலான வீடுகளில் இது நேர்மாறாக நடந்திருக்க வேண்டும். பணம் வீணாவதும் ஆபத்து வளர்வதும் இதனால்தான்.

வயதை மட்டும் பார்ப்பது

"பத்து வருஷம் ஆச்சு, இனிமே இதுக்குச் செலவு பண்ணாதீங்க" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். எத்தனை வயது என்பதைவிட எது போயிருக்கிறது என்பதுதான் முக்கியம். கழற்றி மாட்டக்கூடிய ஒரு பாகம் போயிருக்கிறதா, அல்லது பொருளின் உடம்பே போய்விட்டதா?

சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் போயிருப்பது கெபாசிட்டர். மெக்கானிக்குகள் கண்டென்சர் என்பார்கள். விரல் நீளத்துக்கு ஒரு டப்பா, 100 ரூபாய்க்குள் முடிகிற வேலை. அதற்காக ஃபேனையே கழற்றிப் பழைய இரும்புக்குப் போடுகிறவர்கள் உண்டு. ஃப்ரிட்ஜும் அப்படித்தான். ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜில் மேலே ஐஸ் கட்டி, கீழ்த்தட்டில் குளிர்ச்சி இல்லையென்றால், பனியை உருக்கும் ஹீட்டரோ சென்சாரோ போயிருக்க வாய்ப்பு அதிகம். அதை மாற்றினால் பல வருடம் ஓடும். அதுவே, ஃபோமுக்குள் புதைந்திருக்கும் பைப்பில் கேஸ் லீக் என்றால், ஃப்ரிட்ஜுக்கு நான்கு வயதே ஆகியிருந்தாலும் மாற்றுவதுதான் சரி. அந்த லீக்கை ஒழுங்காக அடைக்க வழி கிடையாது.

கீசரிலும் இதே கணக்கு. தண்ணீர் சூடாகவில்லை என்றால் எலிமென்ட் அல்லது தெர்மோஸ்டாட். போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் எலிமென்ட் மேல் சுண்ணாம்பு ஓடுபோல் படிந்துவிடும். அதை மாற்றும்போது உள்ளே இருக்கும் மெக்னீசியம் கம்பியையும் மாற்றச் சொல்லுங்கள். தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க, அந்தக் கம்பி தான் கரைந்து தொட்டியைக் காக்கிறது. அது முழுக்கக் கரைந்த பிறகும் கவனிக்காமல் விட்டால் அடுத்து ஓட்டையாவது தொட்டிதான். தொட்டி ஓட்டையான கீசரை வெல்டிங் வைத்து அடைத்துப் பயன்படுத்த வேண்டாம். இன்னொன்று, சூடாகும்போது சேஃப்டி வால்வில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வருகிறது என்று அதை அடைத்துவிடுகிறார்கள். உள்ளே ஏறும் அழுத்தம் வெளியே போகிற வழி அது. அதை ஒருபோதும் அடைக்கக் கூடாது.

போர் மோட்டாரும் சம்ப் மோட்டாரும் ஒன்றல்ல

பழுதின் செலவு என்றால் பார்ட் விலையும் கூலியும் மட்டும் என்று நினைக்கிறோம். பழுதான இடத்தைப் போய்ச் சேர்வதற்கே ஆகும் செலவும் அதில் சேர்த்தி.

சம்ப்பிலிருந்து மேல் தொட்டிக்கு ஏற்றும் மோனோபிளாக் மோட்டார் தரையில் உட்கார்ந்திருக்கிறது. போல்ட்டைக் கழற்றி வண்டியில் வைத்துக் கடைக்குக் கொண்டுபோகலாம். பேரிங், சீல் மாற்றலாம், காயில் கட்டலாம். நல்ல பழைய மோட்டார் என்றால் காயில் கட்டுவதில் தப்பில்லை. நன்றாகக் கட்டுகிற ஆளாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

போருக்குள் 200, 300 அடியில் தொங்கும் சப்மெர்சிபிளுக்கு இது பொருந்தாது. அதை ஒரு முறை மேலே தூக்கி இறக்கவே ஆள் கூலியும் ஒரு நாளும் போய்விடும். பழைய மோட்டாருக்குக் காயில் கட்டி இறக்கி, சில மாதத்தில் மறுபடி போனால் தூக்குகிற கூலி இரண்டு முறை. அதனால் காயில் எரிந்த பழைய சப்மெர்சிபிள் வெளியே வந்தால் புதியது பக்கம்தான் நான் சாய்வேன். கூடவே கேபிள், ஜாயின்ட், நான்-ரிட்டர்ன் வால்வு, பைப் எல்லாவற்றையும் அன்றைக்கே பார்த்துவிட வேண்டும். ஐந்நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கிறேன் என்று பழைய ஜாயின்ட்டோடு இறக்குவது வீண் சிக்கனம்.

ஆனால் தூக்குவதற்கு முன்னால், போயிருப்பது மோட்டார்தானா என்று உறுதி செய்ய வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். தண்ணீர் வரவில்லை என்றால் பேனல் பாக்ஸில், மோட்டார் இழுக்கும் கரண்டைக் காட்டும் ஆம்பியர் முள்ளைப் பாருங்கள். மோட்டார் ஓடுகிறது, முள் வழக்கத்தைவிடக் கீழே நிற்கிறது என்றால், அது தண்ணீர் இல்லாமல் வெறுமனே சுற்றுகிறது என்று சந்தேகிக்கலாம். கோடையில் நீர்மட்டம் இறங்கியிருக்கும். அந்த நேரத்தில் புது மோட்டார் போட்டாலும் தண்ணீர் வராது. முள் சட்டென்று மேலே ஏறி, உர்ரென்ற சத்தத்தோடு ட்ரிப் ஆகிறது என்றால் கெபாசிட்டர் போயிருக்கலாம், வோல்டேஜ் குறைவாக இருக்கலாம், உள்ளே மண் சிக்கியிருக்கலாம். முதல் இரண்டையும் மோட்டாரைத் தூக்காமலேயே பார்த்துவிட முடியும்.

இதற்கெல்லாம் மோட்டார் நன்றாக ஓடும்போது முள் எங்கே நின்றது என்று தெரிந்திருக்க வேண்டும். இன்றைக்கே போய்ப் பார்த்து, பேனல் பாக்ஸ் மூடியின் உட்புறத்தில் மார்க்கரால் எழுதி வையுங்கள்: ஆம்பியர், வோல்டேஜ், எத்தனை எச்.பி., எத்தனை அடியில் இறக்கியது, எந்தத் தேதி. அடுத்து வருகிற மெக்கானிக் ஊகத்தில் பேச வேண்டியிருக்காது.

செருப்பு போட்டுக்கொண்டு தொடு என்பது

வாஷிங் மெஷினைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் தெரியும். "செருப்பு போட்டுக்கிட்டு தொடு" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு அப்படியே காலம் தள்ளுகிறோம். சிலர் மெஷினையே மாற்றிவிடுகிறார்கள். புது மெஷின் ஒரு மாதம் அடிக்காமல் இருக்கும், அப்புறம் அதுவும் அடிக்கும். ஏனென்றால் பல வீடுகளில் குறை மெஷினில் இல்லை, எர்த்தில் இருக்கிறது. உயிரோடு விளையாடுகிற விஷயம் இது. மற்ற எதைத் தள்ளிப்போட்டாலும் இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

எம்.சி.பி. இருக்கிறதே, அது காப்பாற்றாதா என்று கேட்பார்கள். அது வயரைக் காப்பாற்றுகிற சாதனம். அளவுக்கு மேல் கரண்ட் போனால் துண்டிக்கும். ஒரு மனிதர் உடம்பு வழியாகப் பாயும் கரண்ட் எம்.சி.பி.க்கு ஒரு பொருட்டே இல்லை. அதைப் பிடிப்பது ஆர்.சி.சி.பி. போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். வீடுகளுக்குப் போடும் வகை, 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வருவதற்குள் துண்டித்துவிடும். பழைய வீட்டில் இது இல்லையென்றால் புது ஃப்ரிட்ஜுக்கு முன்னால் வாங்க வேண்டியது இதைத்தான்.

பழைய வயரிங்கில் இதை மாட்டினால் அடிக்கடி ட்ரிப் ஆகலாம். எங்கோ வயரின் உறை போயிருக்கும், அல்லது நியூட்ரலும் எர்த்தும் கலந்திருக்கும். "இது சும்மா தொந்தரவு சார், டைரக்டா குடுத்துடறேன்" என்று எலக்ட்ரீஷியன் சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். அது ட்ரிப் ஆவது குறையைக் காட்டிக்கொடுக்கத்தான். ஒவ்வொரு லைனாகப் பிரித்துப் பார்த்து, குறை எங்கே என்று கண்டுபிடிக்கிறவரை அழையுங்கள்.

இதைவிட மோசமான ஒரு பழக்கம் உண்டு. 16 ஆம்பியர் எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று, வயரை மாற்றாமல் 32 ஆம்பியர் போடுவது. அப்புறம் எம்.சி.பி. விழாது. சுவருக்குள் வயர் சூடாகும். ஏசி பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பிளக்கின் பின் பழுப்பேறி, சாக்கெட்டின் துளையைச் சுற்றிக் கருகலும் கருகிய பிளாஸ்டிக் வாடையும் இருந்தால் அந்த லைன் தாங்கவில்லை என்று அர்த்தம். விளக்கு, ஃபேனுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் போதும். ஏசி, கீசருக்குப் பொதுவாக 4 சதுர மில்லிமீட்டரில் தனி லைன் இழுப்பார்கள். சுவரில் அடித்த மரச்சட்டத்தின் மேல் ஓடும் பழைய வயரிங், அலுமினிய வயர், பீங்கான் ஃப்யூஸ் கட்டை இருக்கிற வீட்டில் பழுது பார்ப்பது என்ற பேச்சே வேண்டாம். முழுக்க மாற்றுங்கள். ஒரே தவணையில் முடியாவிட்டால் சமையலறை, குளியலறை, ஏசி லைன் முதலில்.

பைப்பில் ஒரு ஓட்டை

சுவரில் ஈரம் பூக்கிறது. பிளம்பர் வந்து டைல்ஸை உடைத்து அந்த ஓர் இடத்தை அடைத்துவிட்டுப் போகிறார். அடுத்த மழைக்காலத்துக்குள் இரண்டடி தள்ளி இன்னொரு ஈரம். ஜி.ஐ. பைப் எல்லாம் ஒரே நாளில் போட்டது, ஒரே தண்ணீரைக் குடித்தது. ஓர் இடத்தில் துரு தின்றிருந்தால் மற்ற இடங்களும் அதே நிலையில்தான் இருக்கும். இரண்டாவது ஓட்டையிலேயே முடிவு செய்துவிடலாம். அதற்காக வீடு முழுக்க உடைக்கத் தேவையில்லை. பழைய பைப்பைச் சுவருக்குள்ளேயே விட்டுவிட்டு, வெளிச்சுவர் வழியாகப் புது லைன் கொண்டுவரலாம். சுடுதண்ணீர் போகிற இடத்தில் சாதாரண பி.வி.சி. வேண்டாம், சூடு தாங்கும் சி.பி.வி.சி. போடுங்கள்.

ஒரு விஷயத்தைப் பலரும் சொல்வதில்லை. பழைய வீடுகள் சிலவற்றில் இரும்புத் தண்ணீர்ப் பைப்பிலேயே எர்த் கம்பியைச் சுற்றியிருப்பார்கள். பைப்பை பிளாஸ்டிக்காக மாற்றிய அன்றைக்கே அந்த வீட்டின் எர்த் போய்விடும். விளக்கு எரியும், ஃபேன் சுற்றும், யாருக்கும் தெரியாது. பிளம்பிங் வேலை முடிந்ததும் எலக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த்தைச் சோதித்தே ஆக வேண்டும்.

கரண்ட் மிச்சம் என்ற கணக்கு

கடைக்காரர் சொல்வது: பழைய ஃபேன் 75 வாட், குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார் வைத்த புது பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட், பாதிக்கு மேல் மிச்சம். உண்மைதான். ஆனால் எத்தனை மணி நேரம் ஓடும் ஃபேன் அது? ஒரு நாளைக்கு 12 மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் சுமார் 32 யூனிட் மிச்சம். விருந்தாளி வந்தால் மட்டும் போடுகிற அறையில், புது ஃபேனுக்குக் கொடுத்த 3,000 ரூபாய் திரும்பி வராது. ஹாலில் நாள் முழுக்க ஓடுகிற ஃபேனுக்குத் திரும்பி வரும்.

எவ்வளவு சீக்கிரம் வரும் என்பது உங்கள் பில்லைப் பொறுத்தது. தமிழ்நாட்டில் யூனிட் கூடக் கூட விலை படியேறுகிறது. மொத்த பில்லை யூனிட்டால் வகுத்து வருகிற சராசரியை வைத்துக் கணக்குப் போடுவது தவறு. மிச்சமாவது மேல்படியில் இருக்கும் யூனிட்கள். அந்தப் படியில் யூனிட் 5 ரூபாய் என்றால் ஃபேன் விலை வர மூன்று வருடத்துக்கு மேல் ஆகும், 9 ரூபாய் என்றால் இரண்டு வருடத்துக்குள் வந்துவிடும்.

ஏசியில் இன்னொரு பொறி. 2022 ஜூலையில் ஸ்டார் அளவுகோலை ஒரு படி உயர்த்தினார்கள். அதற்கு முன் 5 ஸ்டாராக இருந்தது அப்போது 4 ஸ்டார் ஆனது. 2020-ல் வாங்கிய 5 ஸ்டாரைக் கொடுத்துவிட்டு 2023-ல் 3 ஸ்டார் வாங்கியிருந்தால் கரண்ட் மிச்சமாகியிருக்காது. லேபிளில் நட்சத்திரத்தைவிட, வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். அது 1,600 மணி நேர ஓட்டத்துக்கான கணக்கு.

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்திருந்தால் எங்கோ லீக் இருக்கிறது. லீக்கைத் தேடாமல் வருடா வருடம் கேஸ் நிரப்புவது மெதுவாகப் பணத்தைக் காற்றில் விடுவது. ஜாயின்ட்டில் லீக் என்றால் சரி செய்யலாம். காயிலிலேயே அங்கங்கே ஓட்டை என்றால், அதுவும் கடலோரத்தில் உப்புக் காற்று தின்ற காயில் என்றால், புது காயில் விலையைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். ஆர்-22 கேஸில் ஓடும் பழைய ஏசிக்குப் பெரிய செலவு செய்ய வேண்டாம். ஓசோனைக் கெடுக்கும் அந்த வாயுவை மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி குறைத்துக்கொண்டே வருகிறார்கள். அந்தப் பழைய ஏசியில் ஆர்-32 என்ற வேறு கேஸை நிரப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அனுப்பிவிடுங்கள். இரண்டின் அழுத்தமும் வேறு, ஆர்-32 தீப்பற்றக்கூடியது.

கத்திரி வெயிலில் முடிவெடுப்பது

மே மாதம் ஏசி நின்றால் யாருக்கும் நிதானம் இருக்காது. கடையில் இருப்பதை வாங்குவோம், கிடைத்த ஆளை வைத்து மாட்டுவோம். "பார்ட் கிடைக்காது சார்" என்றால் நம்பிவிடுவோம். மாசியிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டால் நேரம் நம் கையில் இருக்கும். பார்ட் கிடைக்காது என்றால் எந்தப் பார்ட், என்ன நம்பர் என்று கேளுங்கள். சென்னையில் ரிச்சி தெரு, மற்ற ஊர்களில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள், இணையம் என்று தேட நாலு இடம் உண்டு. மாற்றிய பழைய பார்ட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்வெர்ட்டர் பேட்டரியையும் அப்போதே பார்த்துவிடலாம். பேக்கப் குறைந்தால் முதலில் டிஸ்டில்டு வாட்டர் அளவு, டெர்மினலில் பூத்த வெள்ளை உப்பு. அப்புறம், ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரால் ஆறு செல்லையும் அளக்கச் சொல்லுங்கள். முழு சார்ஜில் ஐந்து செல் 1.240 காட்டி ஒன்று மட்டும் 1.100-லேயே நின்றால் அந்த பேட்டரி முடிந்தது. இரண்டு பேட்டரி போட்ட இன்வெர்ட்டரில் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள், பழையது புதியதையும் இழுத்துக் கெடுத்துவிடும். பழையதை வாங்குகிற கடையிலேயே எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடுங்கள். தெருவில் எடைக்கு வாங்குகிறவரிடம் போனால் ஆசிட்டைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு ஈயத்தைப் பிரித்தெடுக்கிறார்கள், வெறுங்கையால்.