மஞ்சள் இலையைப் பார்த்ததும் உரமா? வேரடியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலை மஞ்சளானால் உடனே யூரியா. நம்மில் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு இதுதான், அதுவும் மழை விட்ட மறுநாளே. ஐப்பசி கார்த்திகையில் மிளகாய், கத்தரி, மக்காச்சோள வயல்களில் இரண்டு மூன்று நாள் தண்ணீர் நின்றால் இலை வெளுக்கும். கொஞ்சம் தழைச்சத்தை மழை அடித்துக்கொண்டு போயிருக்கும், சரி. ஆனால் மீதி இருப்பதைக்கூட எடுக்க முடியாத நிலையில் வேர் இருக்கிறது என்பதை யாரும் யோசிப்பதில்லை.

வேர்ச் செல்லின் சவ்வு சத்துகளைச் சும்மா உள்ளே விடாது. அதில் உள்ள புரோட்டான் பம்புகள், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறைச் செலவழித்து ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட 100 மில்லிவோல்ட்டுக்கும் மேலாக எதிர்மின் நிலையில் நிற்கும். பொட்டாசியம் உள்ளே இழுபடுவதும், நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஹைட்ரஜன் அயனியைப் பிடித்துக்கொண்டு நுழைவதும் இந்த பலத்தில்தான். அந்த ஏடிபி கிடைக்க வேர் சுவாசிக்க வேண்டும். தண்ணீரில் ஆக்சிஜன் பரவும் வேகமோ காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு. நீர் தேங்கியதும் பம்பு தளர்கிறது, அந்த நேரத்தில் கொட்டும் யூரியா செடிக்குப் போய்ச் சேராது. நெல் மட்டும் தண்டிலிருந்து வேர்வரை காற்றறைகள் வைத்திருப்பதால் தாக்குப்பிடிக்கிறது, அதைப் பார்த்து மிளகாய்க்கும் அதே கணக்குப் போடாதீர்கள்.

முதலில் தண்ணீரை வடியுங்கள், மண் பொலபொலவென்று ஆனதும் லேசாகக் கொத்திவிடுங்கள், ஒரு செடியைப் பிடுங்கி வெள்ளையாகப் புது வேர் நுனி வந்திருக்கிறதா என்று பாருங்கள். அதுவரை மாலை நேரத்தில் லிட்டருக்கு 10 கிராம் யூரியா கலந்து இலையில் தெளித்தால் போதும்.

அடுத்தது உப்பு. உவர் நிலத்தில் சோடியம் செல்லுக்குள் புகுந்தால் முன்பு சொன்ன அந்த எதிர்மின் நிலை சரிந்து, உள்ளே இருக்கும் பொட்டாசியமே வெளியே கசியத் தொடங்கும். பொட்டாசியம் குறைகிறதே என்று சாதாரண பொட்டாஷைப் போட்டால் அது பொட்டாசியம் குளோரைடு, ஏற்கெனவே உப்பான மண்ணில் இன்னும் உப்பு. பொட்டாசியம் சல்பேட் பரவாயில்லை. நல்ல தண்ணீரைக் கட்டி உப்பைக் கீழே இறக்கி வடிப்பதுதான் உண்மையான வைத்தியம். ஜிப்சம் களர் நிலத்துக்கு, அதாவது கார அமில நிலை 8.5-ஐத் தாண்டி, சோடியம் மண்துகளில் ஒட்டிக்கொண்ட இடத்துக்கு. அப்புறம், ஜிப்சத்தில் வரும் கால்சியம் சவ்வையும் உறுதியாக்கி சோடியம் புகுவதைக் குறைக்கும். மண் பரிசோதனை செய்யாமல் உவர், களர் இரண்டுக்கும் ஒரே மருந்து போடுவது காசை வீணாக்குவது.

மாடித் தோட்டக்காரர்களுக்கும் ஒன்று உண்டு. தக்காளியின் அடிப்பாகம் கறுத்து அழுகினால் முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுகிறார்கள். கால்சியம் தண்ணீரோடுதான் மேலே ஏறும். இரண்டு நாள் தொட்டியைக் காயவிட்டு மூன்றாம் நாள் குடம் குடமாக ஊற்றினால், மண்ணில் கால்சியம் இருந்தும் காய்க்கு வராது. ஓடு மக்க மாதக்கணக்கில் ஆகும், தினமும் அளவாகத் தண்ணீர் விட்டால் அடுத்து பிடிக்கும் காய்கள் பெரும்பாலும் தேறிவிடும்.