கயிறும் இரண்டு கம்பும்: பிள்ளைகளுக்கு எளிய எந்திரங்கள்

நெம்புகோல், கப்பி, சாய்தளம், ஆப்பு, திருகு, சக்கரமும் அச்சும். இந்த ஆறு பெயரையும் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லாதீர்கள். சொன்னதும் மனப்பாடத்தில் இறங்கிவிடுவார்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் மொட்டைமாடிக்கு வரும்போது நான் கயிற்றைத்தான் முதலில் எடுப்பேன்.

வழுவழுப்பான இரண்டு உருட்டுக் கம்புகள், ஐந்து மீட்டர் நைலான் கயிறு போதும். தேங்காய்நார்க் கயிறு வேண்டாம். உராய்வே பாதி பலத்தைத் தின்றுவிடும். பெரிய பிள்ளைகள் இருவர் ஆளுக்கொரு கம்பைப் பிடித்து, அரை மீட்டர் இடைவெளியில் எதிரெதிரே நிற்கட்டும். கயிற்றின் ஒரு முனையை ஒரு கம்பில் கட்டி, இரண்டு கம்புகளுக்கும் இடையே நாலு இழை வரும்படி மாற்றி மாற்றிச் சுற்றுங்கள். மறுமுனையை இருப்பதிலேயே சின்னப் பிள்ளையிடம் கொடுத்து இழுக்கச் சொல்லுங்கள். பெரியவர்கள் எவ்வளவு முறுக்கிப் பிடித்தாலும் கம்புகள் நெருங்கி வந்துவிடும். கயிற்றுக்கும் கம்புக்கும் நடுவே விரல் மாட்டாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூச்சல் அடங்கியதும் இஞ்ச் டேப்பை எடுங்கள். இதை விட்டுவிட்டால் வெறும் வேடிக்கையாகிவிடும். கம்புகள் 10 செ.மீ. நெருங்கினால், வெளியே வந்த கயிறு ஏறக்குறைய 40 செ.மீ. இருக்கும். அப்புறம் இரண்டு இழை மட்டும் வைத்து இழுக்கட்டும்: கயிறு 20 செ.மீ.தான் வரும், ஆனால் கை வலிக்கும். பலம் குறைந்தால் தூரம் கூடுகிறது என்பதை நீங்கள் சொல்லவே வேண்டாம், யாராவது ஒரு பிள்ளை சொல்லிவிடும்.

இங்கே கம்புகள்தான் கப்பிகள். கிணற்றில் இருக்கிற ஒற்றைக் கப்பி பளுவைக் குறைப்பதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுங்கள். பெரியவர்களே பலர் குறைக்கும் என்றுதான் நினைக்கிறார்கள். அது இழுக்கும் திசையை மட்டும் மாற்றுகிறது. கீழ்நோக்கி இழுப்பதால் நம் உடம்பின் எடையும் துணைக்கு வருகிறது.

நெம்புகோலுக்கு 30 செ.மீ. மரஸ்கேல். 15இல் நூல் கட்டித் தொங்கவிட்டு, ஆடாமல் படுக்கையாக நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரே மாதிரியான ஒரு ரூபாய்க் காசுகள் நாலை டேப்பால் ஒட்டி, நடுவிலிருந்து 5 செ.மீ. தள்ளி நூலில் தொங்கவிடுங்கள். இரண்டு காசைக் கொடுத்து, மறுபக்கம் எங்கே மாட்டினால் சமமாகும் என்று தேடவிடுங்கள். நடுவிலிருந்து 10 செ.மீ. தள்ளி மாட்டினால் நிற்கும். காசைப் போட பேப்பர் கப் வேண்டாம். கப்பின் எடை கணக்கைக் குழப்பிவிடும்.

திருகுக்கு ஒரு நிமிடம் போதும். செங்கோண முக்கோணமாகக் காகிதத்தை வெட்டிப் பென்சிலில் சுற்றினால், சாய்தளம் திருகின் மரையாகிவிடும்.

நுங்குக் காலமாக இருந்தால் சக்கரத்துக்கு வேறு எதையும் தேடாதீர்கள். தின்று முடித்த இரண்டு நுங்குக் கூடுகளை ஒரு குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பால் தள்ளினால் வண்டி. துளையை நட்டநடுவில் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நொண்டும். கவட்டை அச்சில் உராயும் இடத்தில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவி, தடவுவதற்கு முன்னும் பின்னும் ஓட்டிப் பார்க்கட்டும்.