குரூப்பில் போடாதீர்கள், வீட்டுக்குப் போங்கள்: சபையில் ஒருவருடைய தவறை எடுத்துச் சொல்வது எப்படி

பாடகர் குழுவோ வாலிபர் ஐக்கியமோ ஓய்வுநாள் பள்ளியோ கமிட்டியோ, சபையில் ஏதாவது ஒரு பொறுப்பில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், பிரசங்கம் பண்ணுவதைவிட, கணக்கு எழுதுவதைவிடக் கஷ்டமான வேலை ஒன்று உண்டு. கூட ஊழியம் செய்கிற ஒருவர் தப்பு செய்கிறார், அதை அவரிடம் யார் சொல்வது? பெரும்பாலும் நாம் அவரைத் தவிர மற்ற எல்லாரிடமும் சொல்லிவிடுகிறோம்.

நானும் அதைத்தான் செய்தேன். பாடகர் குழுவை நான் கவனித்துக்கொண்டிருந்த வருஷம், கிறிஸ்மஸுக்கு முந்தின மாதம், கீபோர்டு வாசிக்கிற தம்பி தொடர்ந்து 3 சனிக்கிழமை லேட். 6 மணிக்கு பிராக்டிஸ் என்றால் 7 மணிக்கு வருவான், யார் முகத்தையும் பார்க்காமல் போய் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்துவிடுவான். மூன்றாவது சனிக்கிழமை ராத்திரி 11 மணிக்கு, 32 பேர் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில், "ஊழியத்துக்கு நேரம் ஒதுக்க முடியாதவர்கள் மற்றவர்களுக்கு இடம் விடலாம்" என்று போட்டேன். பேர் போடவில்லை, அதுவே என் பெருந்தன்மை என்று நினைப்பு வேறு. ஒரு அக்கா கைகூப்புகிற படம் போட்டார்கள், இன்னொருவர் 'ஆமென்' போட்டார். காலையில் பார்த்தால் அவன் குரூப்பை விட்டு வெளியேறியிருந்தான்.

அன்றைக்கு நான் செய்திருக்க வேண்டியது என்ன என்பது, அதற்குப் பிறகு பல தடவை தடுமாறித் தெரிந்துகொண்டது. அதைத்தான் எழுதுகிறேன்.

மத்தேயு 18:15 நம்மில் பலருக்கு மனப்பாடம். "உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றஞ்செய்தால், நீ போய், அவனும் நீயும் தனித்திருக்கையில், அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து." இதில் 'குற்றத்தை உணர்த்து' என்பதை நாம் சந்தோஷமாக எடுத்துக்கொள்கிறோம், 'தனித்திருக்கையில்' என்பதை விட்டுவிடுகிறோம். வசனம் அங்கே முடியவும் இல்லை. அவன் செவிகொடுத்தால் "உன் சகோதரனை ஆதாயப்படுத்திக்கொண்டாய்" என்று இருக்கிறது. இதற்குச் சற்று மேலே காணாமற்போன ஆட்டைத் தேடிப் போகிற உவமை, சற்றுக் கீழே பேதுரு எத்தனை தரம் மன்னிக்க வேண்டும் என்று கேட்டு 'ஏழெழுபது தரம்' என்று பதில் வாங்குகிற இடம். இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிற வசனத்தைச் சண்டைக்கு எடுத்துக்கொண்டு போவது நம் சாமர்த்தியம்.

கிளம்புவதற்கு முன்

ஒரு தாளில் ஒரே வரியில் எழுதிப் பாருங்கள், அவர் செய்தது என்ன என்று. "அவனுக்குப் பொறுப்பே இல்லை" என்று எழுதினால் அடித்துவிடுங்கள், அது தீர்ப்பு. "3 சனிக்கிழமை 7 மணிக்கு வந்தான்" என்பது நீங்கள் கண்ணால் பார்த்தது. பார்த்ததை மட்டும் கொண்டுபோங்கள். எழுதும்போதே பாதி விஷயங்கள் காணாமல் போய்விடும், ஏனென்றால் நம் எரிச்சலில் பாதி, அவர் நம்மை மதிக்கவில்லை என்கிற எரிச்சல்தான், அதற்கு நாம் ஊழியம் என்று பேர் வைத்திருப்போம்.

கோபத்தோடு போகாதீர்கள். "சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது" என்ற எபேசியர் 4:26-ஐக் காட்டி, இன்றைக்கே பேசித் தீர்த்துவிட வேண்டும் என்று ராத்திரி 9 மணிக்குக் கதவைத் தட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தணிய வேண்டியது நம் எரிச்சல் என்றுதான் அங்கே இருக்கிறது, அவரை இருட்டுவதற்குள் திட்டி முடித்துவிடு என்று இல்லை.

அப்புறம், முக்கியமாக, ஜெபக்குறிப்பு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் சபைக்குள் புறணி பேசுவதற்கு இதைவிட வசதியான வழி கிடையாது. "அந்தத் தம்பிக்காக ஜெபிச்சுக்கோங்க பிரதர், இப்பல்லாம் சரியாவே இல்ல" என்று ஒருவரிடம் சொல்கிறோம். அவர் தன் மனைவியிடம், அவர்கள் பெண்கள் ஐக்கியத்தில். நாம் அவனிடம் போய்ச் சேர்வதற்குள் அவன் குற்றம் அவனுக்கு முன்னால் நாலு வீடு போய் வந்திருக்கும். ஜெபம் வேண்டும்தான், நீங்கள் ஜெபியுங்கள், கர்த்தருக்கு ஆள் பேர் ஏற்கெனவே தெரியும். வேறு யாரிடமாவது ஆலோசனை கேட்டே ஆக வேண்டுமென்றால் ஆயரிடமோ உங்களைவிட மூத்த ஒரே ஒருவரிடமோ கேளுங்கள், அதுவும் 'நான் எப்படிப் பேசுவது' என்று கேளுங்கள், 'அவன் எப்படிப்பட்டவன்' என்று பேச்சு திரும்பினால் எழுந்துவிடுங்கள்.

போய் என்ன பேசுவது

இடம் முக்கியம். ஞாயிறு ஆராதனை முடிந்து கோயில் வாசலில் எல்லாரும் கைகொடுத்துக்கொண்டிருக்கும்போது தோளைத் தொட்டு ஓரமாகக் கூப்பிட்டால், நாலு பேர் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், அது தனிமை ஆகாது. போனும் வேண்டாம், முகம் தெரியாது. வீட்டுக்குப் போங்கள். ஆணும் பெண்ணும் பேச வேண்டியதாக இருந்தால் வீட்டில் வேறு ஆள் இருக்கிற நேரமாகப் பார்த்து, திண்ணையிலோ முன்னறையிலோ, பார்வைக்குத் தெரிகிற மாதிரி, பேச்சு மட்டும் காதில் விழாத தூரத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.

நான் 2 வாரம் கழித்துத்தான் போனேன். அவன் அம்மா "வாங்க அண்ணாச்சி" என்று சொல்லி கடுங்காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். அவன் எதிரில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அதன் கைப்பிடியில் பிசிறாக நீட்டிக்கொண்டிருந்த ஒரு நூல் அளவு பிளாஸ்டிக்கை நகத்தால் கிள்ளிக்கொண்டே இருந்தான். நான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த முன்னுரை ஒன்றும் வாயில் வரவில்லை.

"தம்பி, நான் குரூப்ல போட்டது தப்பு. உங்கிட்ட கேட்டிருக்கணும்."

"பரவாயில்ல அண்ணே."

அந்தப் 'பரவாயில்ல'யோடு காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று ரொம்ப ஆசையாக இருந்தது. நிறையப் பேர் அங்கேதான் எழுந்துவிடுகிறோம். நல்லவேளை, காப்பி சூடாக இருந்ததால் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான், படிப்பை முடித்து வேலை கிடைக்காமல் ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்திருக்கிறான், சனிக்கிழமை ஆறரைக்கு முன்னால் விடமாட்டார்கள், பட்டதாரி துணி மடிக்கிறான் என்று குழுவில் தெரிய வேண்டாம் என்று சொல்லாமல் இருந்திருக்கிறான். "நீங்க தனியா கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே அண்ணே" என்றான்.

ஆக, வரிசை இதுதான்: உங்கள் பக்கம் தப்பு இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள், 'நானும் தப்பு பண்ணினேன், ஆனா நீயும்...' என்று இழுக்காமல் சொல்லி முடியுங்கள். பிறகு பார்த்ததைச் சொல்லுங்கள். பிறகு "என்னாச்சு?" என்று கேளுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு இருங்கள், இந்தக் கடைசிதான் நமக்கு வராதது, அதிலும் மைக் பிடித்துப் பழகினவர்களுக்குச் சுத்தமாக வராது.

காரணம் எதுவும் இல்லாமல் நிஜமாகவே தப்பு செய்திருந்தால்? அப்போது மழுப்பக் கூடாது, தப்பு என்று சொல்லியே ஆக வேண்டும். லேவியராகமம் 19:17 சகோதரனை உள்ளத்தில் பகைக்காதே, அவனைக் கடிந்துகொள் என்கிறது, அதற்கு அடுத்த வசனம்தான் 'உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக'. வள்ளுவரும் நட்பு என்பது சிரித்துப் பேச இல்லை, எல்லை மீறும்போது 'மேற்சென்று இடித்தற் பொருட்டு' என்கிறார். ஆனால் எதற்காக இடிப்பது? கலாத்தியர் 6:1-ல் தவறினவனைச் 'சீர்பொருந்தப்பண்ணுங்கள்' என்று வருகிற இடத்தில் மூலத்தில் இருக்கிற கிரேக்கச் சொல்லும், மாற்கு 1:19-ல் செபெதேயுவின் குமாரர் படவில் உட்கார்ந்து வலைகளைப் பழுதுபார்த்ததற்கு வருகிற சொல்லும் ஒன்றே. வலை கிழிந்தால் அதை யாரும் கடலில் எறிவதில்லை, மறுநாள் அதே வலையோடுதான் தொழிலுக்குப் போக வேண்டும்.

வயதில் பெரியவர் என்றால்

நம் ஊரில் இதுதான் நிஜமான சிக்கல். அசனத்துக்கான, அதாவது சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற விருந்துக்கான, கணக்கு நோட்டை 20 வருஷமாக எழுதுகிற பெரியவரிடம் போய் ஒரு இளைஞன் 'கணக்கு இடிக்குது' என்று சொன்னால், அன்றைக்கு அசனமும் இல்லை, கணக்கும் இல்லை. பவுல் தீமோத்தேயுவுக்கு, முதிர்வயதுள்ளவனைக் கடிந்துகொள்ளாமல் தகப்பனைப் போல எண்ணிப் புத்திசொல்லச் சொல்கிறார் (1 தீமோத்தேயு 5:1). நாத்தான் தீர்க்கதரிசி தாவீது ராஜாவிடம் அவன் தவறைச் சொல்லப் போனபோது ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடுங்கின கதையைச் சொல்லி, ராஜா வாயாலேயே தீர்ப்பை வரவழைத்துவிட்டு, அப்புறம்தான் "நீயே அந்த மனுஷன்" என்றான். நமக்கு அந்த அளவு சாமர்த்தியம் தேவையில்லை. "அங்கிள், இந்த அரிசிச் செலவு எனக்குப் பிடிபடல, கொஞ்சம் சொல்லித் தாங்களேன்" என்று நோட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். பாதி நேரம் பிடிபடாதது நமக்குத்தான் என்று தெரியவரும். மீதி நேரம் அவரே பேனாவைக் கேட்பார்.

கேட்கவில்லை என்றால்

இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறது அதே மத்தேயு 18-இன் 16-ஆம் வசனம். உங்கள் ஆட்களாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போனால் அது பஞ்சாயத்து. அவர் மதிக்கிற ஆளாகப் பாருங்கள். இரண்டு மூன்று சாட்சிகள் என்பது உபாகமம் 19:15-ல் வருகிற நியாயம், ஒருத்தன் சொன்னதை மட்டும் வைத்து ஒருவரைக் குற்றவாளி ஆக்கிவிடக் கூடாது என்பதற்காக. கூட வருகிறவர் 'தப்பு உன் பேரில்தான்' என்று உங்களைப் பார்த்துச் சொல்லவும் இடம் இருக்க வேண்டும். அதற்கும் அவர் கேட்காவிட்டால்தான் சபைக்கு. அதன் முடிவில் வருகிற 'அஞ்ஞானியைப்போலவும் ஆயக்காரனைப்போலவும்' (ஆயக்காரன் என்றால் வரி வசூலிக்கிறவன்) என்பதைக் காட்டி ஒருவரை ஒதுக்கிவைக்க ஓடுகிறவர்கள், இந்தச் சுவிசேஷத்துக்குப் பேர் கொடுத்த மத்தேயுவே ஆயத்துறையிலிருந்து கூப்பிடப்பட்டவன் என்பதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

இந்த வழி எங்கே செல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பிள்ளையிடம் யாராவது தவறாக நடந்திருந்தால் 'தனித்திருக்கையில்' என்ற பேச்சே கிடையாது. பாதிக்கப்பட்டவரைத் தவறு செய்தவரோடு தனியாக உட்காரவைத்து ஒப்புரவாக்குவது கொடுமை. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-இல் வந்த போக்சோ சட்டப்படி, தெரிந்தால் போலீசில் சொல்லியே ஆக வேண்டும், குழந்தைகள் உதவி எண் 1098. 'சபைக்குக் கெட்ட பேர்' என்று யாராவது ஆரம்பித்தால் அதைக் காதில் வாங்காதீர்கள். அதேபோல, எல்லார் முன்னாலும் நடந்து எல்லாரையும் வழிவிலக வைக்கிற தவறு வேறு ரகம். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாதவர்களோடு, சாப்பிடுவதை விட்டு விலகினபோது, மற்ற யூதரும் பர்னபாவும்கூட அதில் இழுபட்டதால், பவுல் எல்லாருக்கும் முன்பாகவே கேட்டார் (கலாத்தியர் 2). ஆனால் நம் ஒவ்வொரு கோபத்தையும் அந்தியோகியா ஆக்கிக்கொள்ள வேண்டாம்.

ஒன்று மிச்சம். வீட்டில் போய் அவனிடம் மன்னிப்புக் கேட்டது போதாது என்று எனக்கு மறுநாள்தான் உறைத்தது. திட்டினது 32 பேர் முன்னால், மன்னிப்பு மட்டும் கடுங்காப்பி முன்னால் என்றால் என்ன நியாயம்? "போன மாசம் நான் இங்கே போட்ட மெசேஜ் தப்பு, விசாரிக்காமல் போட்டேன்" என்று குரூப்பில் எழுதினேன். அவன் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை, அது அவன் சொல்ல வேண்டியது. பிராக்டிஸை ஏழரைக்கு மாற்றினோம், மாற்றின பிறகு வேறு இரண்டு பேரும் நேரத்துக்கு வர ஆரம்பித்தார்கள், அவர்களுக்கும் ஆறு மணி ஒத்துவரவில்லையாம், யாரும் கேட்கவில்லை, சொல்லவில்லை. தம்பிக்கு குரூப் லிங்க் அனுப்பினேன். இன்னும் சேரவில்லை. கீபோர்டு வாசிக்க வருகிறான், பாட்டு லிஸ்டை வெள்ளிக்கிழமை ராத்திரி நான் போன் பண்ணிச் சொல்கிறேன்.