பூட்டி வைத்துத் திறந்துவிடாதீர்கள்: குளிர்காலத்தில் குதிரையை வெளியே விடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நவம்பர் வந்தால் எங்கள் லாயத்துக்குப் புதியவர்கள் வருவார்கள். கோடையில் ஆசையாகக் குதிரை வாங்கி, மேய்ச்சல் நிலத்திலேயே விட்டு வளர்த்து, மழை பிடித்துக்கொண்டதும் லாயத்தில் ஓர் அறை வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டு வருகிறவர்கள். நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் தென்கிழக்கில், சசெக்ஸின் களிமண் பகுதியில். கோடையில் வெடித்துக் கிடக்கும் இந்த மண், டிசம்பரில் பூட்ஸைப் பிடித்து வைத்துக்கொண்டு காலை மட்டும் திருப்பித் தரும்.

பகலில் வெளியே, இரவில் லாயத்தில் என்பதுதான் அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை இங்கே வழக்கம். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு வருடமும் அதே தவறுகள், கிட்டத்தட்ட அதே வரிசையில். ஆரம்பத்தில் நானும் செய்தவைதான் பாதி. கேட்டைச் சரியாகப் பூட்டாதது, போர்வையின் வயிற்றுப் பட்டையை மாட்ட மறந்தது போன்றவற்றை எழுதப்போவதில்லை. குதிரை ஒரு தடவை பக்கத்துப் பண்ணையில் போய் நின்றால் அதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

நாள்கணக்கில் பூட்டி வைத்து, ஒரு நாள் திறந்துவிடுவது

இன்றுவரை எனக்கு எரிச்சல் மூட்டுகிற தவறு இதுதான். செலவு வைப்பதும் இதுதான்.

நடப்பது இப்படி. ஜனவரியில் விடாமல் மழை. நிலம் நாசமாகிவிடும், குதிரை சேறாகிவிடும், போர்வையைத் துவைக்க வேண்டும் என்று சொல்லிக் குதிரையை உள்ளேயே வைத்திருப்பார்கள். நாலைந்து நாள் அப்படியே போகும். தீவனம் மட்டும் குறையாது. காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி, வழக்கம்போல. அப்புறம் சனிக்கிழமை காலை வெயில் எட்டிப் பார்க்கும். ‘பாவம், எத்தனை நாளா அடைஞ்சு கிடக்கு, விட்டுடலாம்’ என்று கேட்டுக்குக் கூட்டிப் போவார்கள்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு லாயத்தில், மழை நாட்களில் எந்தக் குதிரையும் நிலத்தில் இறங்கக் கூடாது என்று விதியே வைத்திருந்தார்கள். புல் பாழாகிறது என்பது காரணம். அங்கே பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற செம்பழுப்பு நிறத் தரோபிரெட் (பந்தயக் குதிரை இனம்) ஒன்று இருந்தது. சாதுவான குதிரை, குழந்தைகள்கூடத் தேய்த்துவிடுவார்கள். மழை விட்ட ஒரு நாள் அதன் சொந்தக்காரர் நிலத்துக்குக் கொண்டுபோனார். கேட்டைத் தாண்டியதும், குதிரையின் முகம் வயல் பக்கமாக இருக்கும்போதே ஹெட்காலரை (பிடித்து நடத்துவதற்காகத் தலையில் மாட்டும் பட்டை) கழற்றினார். அது பின்னங்கால்களை உதறியது. அவர் தலைக்கு ஒரு முழம் தள்ளிக் குளம்பு போனது. அடுத்த நொடி சரிவில் முழு வேகம். கீழே வேலிக்கு முன் நிற்கப் பார்த்தது, ஆனால் ஈரக் களிமண் விடவில்லை. சறுக்கித் திரும்பி எழுந்தபோது முன்னங்கால் ஒன்றைத் தரையில் ஊன்றவில்லை.

ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் முன்னங்காலின் பின்புறத் தசைநாண் கிழிந்திருந்தது. அதற்கு வைத்தியம் என்ன தெரியுமா? அறையில் பூட்டி வைப்பது. முதலில் முழு ஓய்வு, பிறகு கயிற்றில் பிடித்துப் பத்து நிமிட நடை, மாதக்கணக்கில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது. இந்த வகைக் காயத்தில் குதிரை பழைய வேலைக்குத் திரும்ப 9 முதல் 12 மாதம் ஆவது சாதாரணம். அத்தனை மாதமும் அறை வாடகை, உலர்புல், லாடக்காரர், டாக்டர் என்று பணம் போய்க்கொண்டே இருக்கும். சேற்றுக்குப் பயந்து மிச்சம் பிடித்தது ஒரு போர்வைத் துவையல்!

அந்தச் சொந்தக்காரரை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். குதிரைக்கு ‘திமிர் ஏறிவிட்டது’ என்று அன்றைக்கு எல்லோரும் பேசியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. 3.6 மீட்டருக்கு 3.6 மீட்டர் அறையில் நாள்கணக்காக நின்ற, ஓடுவதற்கென்றே வளர்க்கப்பட்ட விலங்கு வேறென்ன செய்யும்?

கால் மட்டும் அல்ல, வயிற்றுக்கும் இதில் ஆபத்து உண்டு. மேய்கிற குதிரை ஒரு நாளில் 16 மணி நேரம் வரைகூட மெல்ல நடந்துகொண்டே தின்னும். அதைத் திடீரென நிறுத்தினால் பெருங்குடலின் அசைவு மந்தமாகிறது. புல்லில் நாலில் மூன்று பங்குக்கு மேல் தண்ணீர். உலர்புல்லில் அநேகமாக ஒன்றும் இல்லை. அந்த நீரை வாளியிலிருந்து குடித்து ஈடுகட்ட வேண்டும், குளிரில் பல குதிரைகள் அப்படிக் குடிப்பதில்லை. தீனி குடலில் இறுகி அடைத்துக்கொள்கிறது. அறையில் நிற்கும் நேரம் திடீரென்று கூடிய நாட்களையொட்டி வரும் கோலிக் (குதிரையின் கடும் வயிற்றுவலி) பெரும்பாலும் இந்த ரகம்தான்.

சுவிட்சர்லாந்தில் இதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்: சவாரிக்கோ வேலைக்கோ போகாத குதிரையைத் தினமும் குறைந்தது 2 மணி நேரம் வெளியே விட வேண்டும். அங்கே பனி நம்மைவிட அதிகம்.

அப்படியானால் என்ன செய்வது? தினமும் கொஞ்சம். வாரம் ஒரு நாள் முழுப் பகலும் விடுவதைவிடத் தினமும் ஒரு மணி நேரம் மேல். இருக்கிற நிலத்தில் ஒரு துண்டை, போனால் போகட்டும் என்று குளிர்காலத்துக்கு ஒதுக்கிவிடுங்கள். தண்ணீர் வடியும் மேட்டுப் பகுதியாக, லாயத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. அது சேறாகும், பார்க்கச் சகிக்காது, மே மாதம் விதை தூவிச் சரிசெய்துகொள்ளலாம். மற்ற நிலமெல்லாம் அதனால் பிழைக்கும். நிலமே இல்லையென்றால் மணல் பயிற்சித் திடலில் ஒரு குவியல் உலர்புல் போட்டு, யாராவது பார்த்துக்கொண்டிருக்க, அரை மணி நேரமாவது விடலாம்.

நிஜமாகவே உள்ளே வைக்க வேண்டிய நாட்களும் உண்டு. குளம்பு பதிந்த சேறு அப்படியே கல்லாக உறைந்திருக்கும் காலை, கேட்டருகே பனிக்கட்டி கண்ணாடித் தகடாகப் படிந்த நாள். அன்றைக்கு மணல் தூவிய பாதையில் கையில் பிடித்து இரண்டு முறை நடத்துங்கள். முக்கியமாக, குதிரை வெளியே போகாத அன்று மாலையே தானியத் தீவனத்தைக் குறைத்துவிட வேண்டும். குதிரை துள்ள ஆரம்பித்த பிறகு குறைப்பதில் பயன் இல்லை. அதற்குப் பதிலாக உலர்புல்லைத் தாராளமாகப் போடுங்கள்.

மறுபடி வெளியே விடுகிற நாளில் அவசரமே கூடாது. முதலில் இருபது நிமிடம் நடத்துங்கள், அல்லது சவாரி போய்விட்டு வாருங்கள். காலை உலர்புல்லை அறையில் கொடுக்காமல் நிலத்தில் நாலைந்து இடங்களில் குவியலாகப் போட்டு வையுங்கள். குதிரைகளின் எண்ணிக்கையைவிட ஒரு குவியல் கூடுதலாக இருந்தால் சண்டை வராது. அமைதியான வயதான குதிரையை முன்னால் விடுங்கள். கேட்டுக்குள் நுழைந்ததும் குதிரையைத் திருப்பி முகத்தைக் கேட்டைப் பார்க்க வைத்து, கேட்டைச் சாத்தி, அது நின்ற பிறகு ஹெட்காலரைக் கழற்றிப் பின்னால் நகருங்கள். அது திரும்பி ஓடுவதற்குள் நீங்கள் எட்டடி தள்ளி இருப்பீர்கள். நெடுநாள் கட்டாய ஓய்வில் இருந்த குதிரை என்றால், முதல் முறை விடும்போது மயக்க மருந்து தேவையா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

நமக்குக் குளிர்கிறது என்று அதற்குப் போர்த்துவது

நம் ஊர்க்காரர்களிடம் இதை நான் கொஞ்சம் கூடுதலாகவே பார்க்கிறேன். நாம் மூன்று ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு லாயத்துக்கு வருகிறோம், குதிரையைப் பார்த்ததும் மனசு கேட்பதில்லை.

ஆரோக்கியமான, வளர்ந்த குதிரைக்கு ஏறத்தாழ 5 டிகிரியிலிருந்து 25 டிகிரி செல்சியஸ் வரை சூட்டுக்காகத் தனியே சக்தி செலவழிக்க வேண்டிய தேவை இல்லை. குளிருக்குப் பழகி, ரோமம் அடர்ந்து, உடம்பு காய்ந்திருந்தால் அதற்கும் கீழே தாங்கும். ரோமம் சிலிர்த்து நின்று காற்றைப் பிடித்து வைக்கிறது. கனமான போர்வை அதை அமுக்கிவிடுகிறது. வயிற்றில் நார் புளித்துச் செரிக்கும்போது கிளம்பும் வெப்பம் வேறு. அதனால் குளிர் கூடும் இரவில் முதலில் கூட்ட வேண்டியது உலர்புல். 500 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு 10 கிலோ வாக்கில் என்பது என் கணக்கு.

குதிரைக்கு உண்மையில் எதிரி ஈரமும் காற்றும் சேர்ந்து வருவதுதான். 2016-இல் வெளியான ஒரு நார்வே ஆய்வில், 23 குதிரைகளுக்குப் பலகையில் உள்ள குறிகளை மூக்கால் தொட்டு ‘போர்வை போடு’, ‘கழற்று’, ‘அப்படியே இருக்கட்டும்’ என்று சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். வெயில் நாளில் கழற்றச் சொல்லின. மழையும் காற்றும் குளிரும் சேர்ந்த நாளில் போடச் சொல்லின. நம் வீட்டுக் குதிரைக்கு அந்தப் பலகை இல்லை என்பதால் கையைத்தான் நம்ப வேண்டும். போர்வைக்குள் தோள்பட்டைக்குப் பின்னால் கையை விடுங்கள். ஈரமாக, கசகசவென்று இருந்தால் அதிகம். காது சில்லென்று இருக்கிறதே என்று பதறாதீர்கள்.

ரோமம் வெட்டிய குதிரை, கிழக்குதிரை, எலும்பு தெரிகிற குதிரை என்றால் கணக்கு வேறு. அவற்றுக்குப் போர்வை அவசியம். மழைக்குத் தாங்கும் போர்வை இரண்டாவது ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். நனைந்ததை மறுநாள் காலை அப்படியே திரும்பப் போடுவது போடாததைவிட மோசம்.

தினமும் மாலையில் கால்களைக் கழுவுவது

சேறு படிந்த கால்களை ஹோஸால் பீய்ச்சி அடித்து, ஈரத்தோடு அறையில் விடுவதால்தான் சேற்றுப் புண் வருகிறது. டெர்மடோஃபிலஸ் என்ற பாக்டீரியா, ஊறி மெலிந்த தோல் வழியாக நுழைகிறது. அது நுழையக் கதவு திறந்துவிடுவது சேறும் தண்ணீரும் இரண்டும்தான். சேற்றைக் காய விடுங்கள், காலையில் மென்மையான பிரஷால் உதிர்த்துவிடுங்கள். கழுவியே ஆக வேண்டும் என்றால் துண்டால் ஒற்றி முழுக்கக் காய வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. தினமும் கணுக்காலுக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். பொருக்கு கண்ணுக்குத் தெரிவதற்கு முன் விரலுக்குத் தட்டுப்படும். வீக்கமோ நொண்டலோ இருந்தால் கடைக் களிம்பில் நேரத்தைக் கழிக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

உறைந்த தண்ணீர்

பனிக்கட்டியை உடைத்தால் மட்டும் போதாது. துண்டுகளை அள்ளி வெளியே போடுங்கள். உப்புப் போட வேண்டாம்.

உறைபனிக் காலையில் புல்

லாமினைடிஸ் (குளம்புக்குள் வரும் வலிமிக்க அழற்சி) வந்த குதிரையை அன்றைக்கு மேய விடாதீர்கள். உறைபனி இரவுக்குப் பின் வெயில் அடித்தால் புல்லில் சர்க்கரை தேங்கும், அது அந்த அழற்சியைத் திரும்பத் தூண்டும்.

கடைசிக் குதிரை

எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவந்து ஒன்றை மட்டும் தனியே நிறுத்தாதீர்கள். அது வேலியோரம் ஓடும், வேலியைத் தாண்டவும் பார்க்கும். கடைசி இரண்டையும் சேர்த்தே அழைத்து வாருங்கள், ஆளுக்கு ஒன்றாக. டிசம்பர் நடுவில் இங்கே மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. உதவிக்கு ஆள் வேண்டுமென்றால் மூன்று மணிக்கே கேட்டு வையுங்கள்.

சிக்கமோர் மரம்

இது மேப்பிள் வகை மரம். இறக்கை வைத்த அதன் விதைகள் இலையுதிர் காலத்தில் நிலத்தில் விழும், வசந்தத்தில் அவை முளைக்கும். இரண்டிலும் இருக்கும் ஹைப்போகிளைசின் நஞ்சு தசைகளை அழித்துவிடும்; பாதிக்கப்பட்ட குதிரைகளில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. புல் அரித்துப்போன குளிர்கால நிலத்தில் பசித்த குதிரை எதையும் பொறுக்கித் தின்னும். மரம் பக்கத்து நிலத்தில் இருந்தாலும் காற்று விதையைக் கொண்டுவரும். அந்தப் பக்கத்தை மின்வேலியால் அடைத்துவிடுங்கள்.

கேட்டருகே சேறு

மரச் சில்லுகளை மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறார்கள். ஒரு சீசன் தாங்கும், பிறகு மக்கிச் சேற்றோடு சேறாகும், போன வருடத்தைவிட ஆழமாக. மேல்மண்ணை வழித்தெடுத்து, ஜியோடெக்ஸ்டைல் துணி (தண்ணீரை வடியவிட்டு, கல்லும் மண்ணும் கலக்காமல் தடுப்பது) விரித்து, அதன் மேல் உடைகல் போட்டு இறுக்கி, மேலே நுண்ணிய கல்தூள் பரப்புவதுதான் நிற்கும். அந்த வேலையை ஆகஸ்டில் செய்ய வேண்டும். ஜனவரியில் கல் ஏற்றி வரும் லாரியே கேட்டில் புதைந்துகொள்ளும், அதை இழுக்க டிராக்டருக்குத் தனிக் காசு.