பல கிளப் கண்ட தற்காப்பு வீரரின் ஆட்ட வாழ்க்கையை எழுதுவது எப்படி

இங்கிலாந்துக் கால்பந்தின் கீழ்ப் பிரிவுகளில் பதினைந்து ஆண்டுகள் ஆடி, ஒன்பது பத்துக் கிளப்புகளின் சட்டையை அணிந்து, ஒருமுறைகூட நாட்டு அணிக்கு அழைக்கப்படாமல் ஓய்வுபெற்ற ஒரு தற்காப்பு வீரரைப் பற்றித் தேடினால், பெரும்பாலும் கிடைப்பது கிளப் பெயர்களும் எண்களும் நிறைந்த ஒரு பட்டியல் மட்டுமே. அதைப் பார்த்தவுடன் ‘எங்கும் நிலைக்காதவர்’ என்று முடிவுகட்டுவது எளிது. எனக்கு அந்த முடிவில் உடன்பாடு இல்லை. ஒருவர் முப்பது வயதைக் கடந்த பின்னும் ஆண்டுதோறும் யாரோ ஒரு மேலாளர் அவரை நம்பித் தம் தற்காப்பை ஒப்படைத்திருக்கிறார் என்றால், அந்தப் பட்டியல் அவருடைய தகுதிக்குச் சான்று. எத்தனை கிளப் மாறினார் என்பதைவிட, எந்த மாதத்தில், என்ன ஏற்பாட்டில் மாறினார், போன இடத்தில் எத்தனை ஆட்டம் ஆடினார் என்பவையே அவருடைய கதையைச் சொல்லும். அத்தகைய வீரரின் ஆட்ட வாழ்க்கையைத் தமிழில் எழுத விரும்புவோருக்காக, நான் பின்பற்றும் முறையை இங்கே விளக்குகிறேன்.

முதலில் ஒரு தாளில் பருவங்களை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். கிளப்புகளை வரிசைப்படுத்தித் தொடங்குவது பலரும் செய்யும் பிழை. அப்படிச் செய்தால் இடைவெளிகள் கண்ணில் படுவதே இல்லை. இங்கிலாந்தில் லீக் பருவம் ஆகஸ்டில் தொடங்கி மே மாதத்தில் முடிகிறது. வீரர்களின் ஒப்பந்தங்கள் வழக்கமாக ஜூன் 30 அன்று காலாவதியாகின்றன. ஆகவே ஒவ்வொரு வரியும் ஜூலை முதல் ஜூன் வரையிலான ஓராண்டைக் குறிக்கட்டும். அந்த வரியில் கிளப், பிரிவு, மேலாளர், லீக் ஆட்டங்கள், கோப்பை ஆட்டங்கள், சேர்ந்த மாதம், விலகிய மாதம் ஆகியவற்றுக்கு இடம் விடுங்கள். நிரப்ப முடியாத இடங்கள் வெறுமையாகவே இருக்கட்டும். பிற்பாடு தேட வேண்டியது எங்கே என்பதை அவை காட்டும்.

பிரிவின் பெயரை எழுதும்போது ஆண்டைப் பார்க்காமல் எழுதக்கூடாது. 1958-இல் வடக்கு, தெற்கு என்று இரண்டாக இருந்த மூன்றாம் டிவிசனை ஒன்றாக்கித் தேசிய அளவிலான மூன்றாம், நான்காம் டிவிசன்களை அமைத்தார்கள். 1992-இல் முதல் டிவிசன் கிளப்புகள் பிரிந்து பிரீமியர் லீக்கைத் தொடங்கியபோது, எஞ்சிய மூன்று டிவிசன்களும் பெயரளவில் ஒரு படி ஏறின. 2004-இல் அவை சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ என்று பெயர் மாறின. இதனால் 1990-இல் ‘மூன்றாம் டிவிசன்’ என்பது மேலிருந்து மூன்றாவது அடுக்கு. 1995-இல் அதே சொல் நான்காவது அடுக்கைக் குறிக்கும். இந்த இரு ஆண்டுகளிலும் ஒருவர் ‘மூன்றாம் டிவிசனில்’ ஆடினார் என்று எழுதினால், ஓர் அடுக்கு கீழிறங்கியவர் அதே இடத்தில் நின்றவராகத் தோன்றுவார். அக்காலப் பெயரை எழுதி, அது எத்தனையாவது அடுக்கு என்பதையும் ஒருமுறை சொல்லிவிடுவதே நல்லது.

நான்காம் அடுக்குக்குக் கீழே உள்ளவை லீக் அல்லாத கால்பந்து என்று வழங்கப்படுகின்றன. 1986–87 பருவம் முதல்தான் அங்கிருந்து ஒரு கிளப் தகுதியால் நேரடியாக மேலேறும் முறை வந்தது. ஸ்கார்பரோ ஏறியது, லிங்கன் சிட்டி இறங்கியது. அதற்கு முன்பு, கடைசி இடங்களில் முடித்த கிளப்புகளை வைத்துக்கொள்வதா நீக்குவதா என்பதை வாக்கெடுப்பே முடிவு செய்தது. 2002–03 முதல் இரண்டு கிளப்புகள் ஏறி இறங்குகின்றன. ஐந்தாம் அடுக்கான நேஷனல் லீக்கில் இன்று முழுநேர ஊதியம் தரும் கிளப்புகள் பல இருந்தாலும், அங்கே ஆடிய ஆட்டங்கள் லீக் ஆட்டங்களின் மொத்தக் கணக்கில் சேர்வதில்லை. இந்த எல்லைக்கோட்டின் இருபுறமும் மாறி மாறி ஆடியவருக்குத் தனித்தனியே இரண்டு மொத்தங்கள் தேவை.

இனி இடமாற்றங்களுக்கு வருவோம். எழுதுபவர் அதிக நேரம் செலவிட வேண்டிய பகுதி இதுவே. ‘சேர்ந்தார்’ என்ற ஒரே வினைச்சொல்லுக்குள் பல வகை ஏற்பாடுகள் மறைந்துகிடக்கின்றன. பழைய நடைமுறையில், ஒப்பந்தம் முடிந்த பிறகும் வீரரின் பதிவை, அதாவது அவர் எந்தக் கிளப்புக்கு ஆடலாம் என்ற உரிமையை, கிளப் தன்னிடமே வைத்துக்கொள்ள முடிந்தது. ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் என்ற வீரர் தொடுத்த வழக்கில் 1963-இல் வந்த தீர்ப்பு அந்த நடைமுறையை நியாயமற்ற தொழில் தடை என்றது. 1978-இல் ஒப்பந்தம் முடிந்தவர்கள் வேறிடம் செல்லும் உரிமை பெற்றார்கள். ஆனால் பழைய கிளப்புக்கு ஒரு தொகை போய்ச்சேர வேண்டியிருந்தது. 1995 டிசம்பரில் போஸ்மன் என்ற வீரரின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு உள்நாட்டு விதிகளும் மாறி, 24 வயதை எட்டியவர்கள் ஒப்பந்தம் முடிந்தால் எந்தத் தொகையும் இன்றிப் போகலாம் என்றானது. ஆகவே 1985-இல் ஒருவர் ‘கட்டணமின்றி’ மாறினார் என்றால், கிளப் அவரை வேண்டாம் என்று விடுவித்திருக்கிறது. 2005-இல் முப்பது வயதுக்காரர் ஒருவர் கட்டணமின்றி மாறியதற்கு அப்படிப் பொருள் கொள்ள முடியாது. கிளப் தரவந்த புதிய ஒப்பந்தத்தை அவரே மறுத்துவிட்டு, நல்ல ஊதியத்துக்குப் போயிருக்கலாம். இரண்டையும் ஒரே சொல்லால் எழுதுவது அந்த மனிதருக்குச் செய்யும் அநீதி.

மாதமும் இதே அளவு முக்கியம். 2002–03 வரை மார்ச் மாதக் கெடுவுக்கு முன்பு எப்போது வேண்டுமானாலும் கிளப் மாற முடிந்தது. அதன் பிறகு கோடையும் ஜனவரியும் மட்டுமே மாற்றத்துக்கான காலங்களாயின. கீழ்ப் பிரிவுகளுக்கு மட்டும் 28 நாள் முதல் 93 நாள் வரையிலான அவசரக் கடன் ஏற்பாடு (வீரரை வேறு கிளப்புக்குத் தற்காலிகமாக அனுப்புவது) 2015–16 பருவம் வரை நீடித்தது. அக்காலத்துத் தற்காப்பு வீரர் ஒருவர் அக்டோபரில் கடனாகப் போய் ஜனவரியில் திரும்பியிருந்தால், போன இடத்தில் யாருக்கேனும் காயமோ நீண்ட தடையோ நேர்ந்ததா என்று முதலில் தேடுங்கள். பெரும்பாலும் விடை அங்கேதான் இருக்கும். ஜனவரியில் வந்து மே மாதத்தில் விலகியவரா? அந்தக் கிளப் அப்போது பட்டியலின் அடியில் இருந்ததா என்று பாருங்கள். தரமிறங்காமல் தப்பிக்க அனுபவமுள்ள நடுத் தற்காப்பு வீரரை அரைப் பருவத்துக்கு எடுப்பது அங்கே பழகிப்போன வழக்கம். கோடையில் எங்கும் சேராமல் செப்டம்பரில் ஒரு மாத ஒப்பந்தத்துடன் தொடங்கியவரின் வரியில், அந்த வெற்று வாரங்களையும் குறிப்பிடுங்கள். ஒப்பந்தமின்றித் தனியே பயிற்சி செய்துகொண்டு, யாராவது அழைப்பார்களா என்று காத்திருந்த நாட்கள் அவை. எந்த எண் பட்டியலிலும் அவை இடம்பெறுவதில்லை என்பதாலேயே நாம் எழுத வேண்டும்.

கிளப்பின் கதையைத் தெரிந்துகொள்ளாமல் வீரரின் மாற்றத்தை விளக்க முடியாத தருணங்களும் உண்டு. பரி கிளப் 2019 ஆகஸ்ட் 27 அன்று லீக்கிலிருந்து நீக்கப்பட்டபோது அதன் வீரர்கள் அந்தப் பருவத்தில் ஒரு லீக் ஆட்டம்கூட ஆடாமலேயே வேறிடம் தேட வேண்டியதாயிற்று. பெயரால் வரும் குழப்பமும் இருக்கிறது: 1992-இல் மூடப்பட்ட ஆல்டர்ஷாட் வேறு, அதே ஆண்டில் தொடங்கப்பட்ட ஆல்டர்ஷாட் டவுன் வேறு, 1962-இல் லீக்கிலிருந்து விலகிய அக்ரிங்டன் ஸ்டான்லி வேறு, 2006-இல் லீக்குக்குள் வந்த அக்ரிங்டன் ஸ்டான்லி வேறு.

ஆட்ட எண்ணிக்கை எளிதாகத் தோன்றினாலும் அதிலும் கவனம் வேண்டும். 24 கிளப்புகள் கொண்ட பிரிவில் ஒவ்வொன்றும் 46 லீக் ஆட்டங்கள் ஆடும். ‘32+4’ என்றிருந்தால் 32 முறை தொடக்க அணியில் இறங்கினார், நான்கு முறை மாற்று ஆட்டக்காரராக வந்தார் என்று பொருள். மாற்று ஆட்டக்காரரை இறக்கும் வழக்கமே லீக்கில் 1965–66-இல்தான் தொடங்கியது என்பதால் அதற்கு முந்தைய கணக்குகளில் இந்தக் கூட்டல் குறி இருக்காது. நடுத் தற்காப்பு வீரரைப் பாதி ஆட்டத்தில் மாற்றுவது அரிது. எனவே அவருடைய கணக்கில் கூட்டல் குறிக்குப் பின்னால் பெரிய எண் இருந்தால், அந்தப் பருவத்தில் அவர் பெஞ்சில் காத்திருந்தவர் அல்லது முன்னிலையைக் காக்கக் கடைசி நிமிடங்களில் இறக்கப்பட்டவர் என்று ஊகித்து, ஆட்டச் செய்திகளில் உறுதிசெய்யலாம்.

மேலேறுவதற்கான பிளே-ஆஃப் ஆட்டங்கள் லீக் எண்ணிக்கையில் சேர்வதில்லை. அவற்றுக்குத் தனி இடம் கொடுங்கள். ரத்தான ஆட்டங்கள் இன்னும் சிக்கலானவை. ஆல்டர்ஷாட் 1992 மார்ச்சில் விலகியபோது அந்தப் பருவத்தில் அது ஆடிய 36 ஆட்டங்களின் முடிவுகளும் அழிக்கப்பட்டன. அதன் தற்காப்பு வீரர்கள் குளிரிலும் சேற்றிலும் ஆடிய அந்த ஆட்டங்கள் சில கணக்குகளில் உண்டு, சிலவற்றில் இல்லை. நான் அவற்றை மொத்தத்தில் சேர்க்காமல், ஆனால் மறைக்காமல், தனி வாக்கியமாக எழுதுவேன். பெருந்தொற்றால் 2019–20 பருவம் லீக் ஒன், லீக் டூ இரண்டிலும் பாதியில் நின்று, ஆட்டத்துக்கு இத்தனை புள்ளி என்ற சராசரியால் முடித்துவைக்கப்பட்டது. அந்த ஆண்டில் 34 ஆட்டம் ஆடியவர் ஏறத்தாழ எல்லா ஆட்டங்களிலும் இறங்கியவர் என்பதை வாசகருக்குச் சொல்ல வேண்டும்.

இடையிடையே ஓரிரு ஆட்டங்கள் விடுபட்டிருப்பதைக் கண்டால் காயம் என்று உடனே எழுதிவிடாதீர்கள். தற்காப்பு வீரர்கள் அட்டை வாங்கும் தொழிலில் இருப்பவர்கள். இப்போதைய விதிப்படி, முதல் 19 லீக் ஆட்டங்களுக்குள் ஐந்து மஞ்சள் அட்டை பெற்றால் ஓர் ஆட்டத் தடை; 37 ஆட்டங்களுக்குள் பத்து பெற்றால் இரண்டு. வன்முறைக்காக நேரடிச் சிவப்பு அட்டை என்றால் மூன்று. விடுபட்ட எண்ணிக்கையையும் அதற்கு முந்தைய ஆட்டத்தின் அட்டை விவரத்தையும் பொருத்திப் பார்த்தால் பாதிப் புதிர் விடுபடும்.

எந்த இடத்தில் ஆடினார் என்பதற்குப் பழைய ஆட்டங்களில் சட்டை எண் உதவும். பிரீமியர் லீக்குக்குக் கீழே உள்ள பிரிவுகளில் பருவம் முழுவதற்குமான நிலையான எண்கள் 1999–2000-இல்தான் வந்தன. அதுவரை இறங்கும் பதினொருவரும் ஒன்று முதல் பதினொன்று வரை அணிந்தார்கள். 2 வலப்புறம், 3 இடப்புறம், 5, 6 பெரும்பாலும் நடு. இளமையில் வேறிடத்தில் ஆடி வயதேறத் தற்காப்புக்கு வந்தவர்களை இப்படித்தான் கண்டுபிடிக்க முடியும். கோல்காப்பாளர் அல்லாதோரில் மிக அதிகமாக 931 லீக் ஆட்டங்கள் ஆடிய டோனி ஃபோர்டு 1975-இல் கிரிம்ஸ்பியில் ஓர விங் ஆட்டக்காரராகத் தொடங்கி, 2001-இல் ராச்டேலில் முடிக்கும்போது வலப்புறத் தற்காப்பு வீரர். நடுவில் அவர் ஆடிய பாரோ அப்போது லீக்குக்கு வெளியே இருந்ததால், அங்கு ஆடியவை இந்த 931-இல் இல்லை.

மேலாளருக்கென விட்ட இடத்தை நிரப்பியதும் தாளை ஒருமுறை மேலிருந்து கீழாகப் படியுங்கள். ஒரே பெயர் மீண்டும் வருகிறதா? கிரெய்க் ஷார்ட் என்ற நடுத் தற்காப்பு வீரர் 1987-இல் நீல் வார்னக்கின் ஸ்கார்பரோவில் லீக் வாழ்க்கையைத் தொடங்கினார். வார்னக் நாட்ஸ் கவுண்டிக்குப் போனதும் 1989-இல் இவரும் அங்கே சேர்ந்தார். கிளப் 1990, 1991 என அடுத்தடுத்து இரண்டு முறை மேலேறியது. டார்பி, எவர்டன், பிளாக்பர்ன் என்று பல ஆண்டுகள் மேலடுக்குகளில் ஆடிய பின், 2005-இல் ஷெஃபீல்ட் யுனைடெடில் மீண்டும் அதே வார்னக்கிடம் வந்து சேர்ந்தார். கிளப் பெயர்களை மட்டும் பார்த்தால் தொடர்பற்ற ஊர்கள். மேலாளர் பெயரைச் சேர்த்தால் பதினெட்டு ஆண்டு நீண்ட ஒரு நம்பிக்கை. கீழ்ப் பிரிவுகளில் இது இன்னும் அடிக்கடி நிகழும். அங்கே வீரர்களைத் தேடப் பெரிய குழுவோ பணமோ இல்லாத மேலாளர், தமக்குத் தெரிந்த மனிதரையே முதலில் அழைப்பார். மேலாளர் நீக்கப்பட்ட மாதத்தையும் குறித்துவையுங்கள். புதியவர் வந்த சில வாரங்களில் வீரர் அணியிலிருந்து விலக்கப்பட்டிருந்தால் அதற்கு அவருடைய ஆட்டத்திறன் காரணமாகாமலும் இருக்கலாம்.

சான்றுகளைப் பொறுத்தவரை, ஊர்ச் செய்தித்தாளின் ஆட்ட அறிக்கைகளும் ஆட்டநாள் கையேடுகளும், மே மாதத்தில் கிளப்புகள் வெளியிடும் தக்கவைப்போர், விடுவிக்கப்பட்டோர் பட்டியலும் எனக்கு அதிகம் பயன்பட்டவை. ஒரே பெயரில் இருவர் இருப்பது சாதாரணம். பிறந்த தேதியும் ஊரும் ஒத்துப்போகாமல் இரு வாழ்க்கைகளை ஒன்றாக்கிவிடாதீர்கள். கடனாக ஆடிய ஆட்டங்களைச் சொந்தக் கிளப்பின் கணக்கிலும் சேர்த்து இருமுறை எண்ணிய பிழையை நானும் செய்திருக்கிறேன். பருவ வாரியாகக் கூட்டிய மொத்தமும் கிளப் வாரியாகக் கூட்டிய மொத்தமும் ஒன்றாக வரும்வரை எழுத உட்காராதீர்கள்.

கடைசிக் கட்டத்தில் வீரர்கள் பலர் லீக்குக்குக் கீழே இறங்கி, பகலில் வேறு வேலை பார்த்து, செவ்வாய், வியாழன் மாலைகளில் பயிற்சிக்கு வருகிறார்கள். இந்த ஆண்டுகளை ஒரே வரியில் கடந்துவிட வேண்டாம். அவர் தலைவராக இருந்து ஒரு சிறிய ஊரின் அணியை மேலேற்றியது இந்தக் காலத்தில்தான் நிகழ்ந்திருக்கக்கூடும். ஆனால் அவருடைய குடும்பம், வீடு, உடல்நலம் பற்றி அவரே பொதுவில் பேசாத எதையும் எழுதாதீர்கள். ஒரே கிளப்பில் பத்தாண்டு பணியாற்றியவருக்கு நடத்தப்படும் பாராட்டு ஆட்டம் இவர்களுக்குக் கிடைப்பதில்லை என்பதையும் நினைவில் வைத்து, ‘தூக்கியெறியப்பட்டார்’, ‘ஒதுக்கப்பட்டார்’ போன்ற சொற்களை விலக்கி, ‘ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை’ என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

முடிவை எப்படி எழுதுவது என்பது பலரும் தடுமாறும் இடம். ஆயிரம் ஆட்டங்களைத் தாண்டிய கிரகாம் அலெக்சாண்டர் 2012 ஏப்ரலில் பிரஸ்டனுக்காகத் தம் கடைசி ஆட்டத்தின் இறுதி நேரத்தில் பிரீ கிக் கோல் அடித்துச் சார்ல்டனுடனான ஆட்டத்தைச் சமன் செய்தார். அப்படி ஒரு காட்சி மற்றவர்களுக்கு அமைவதில்லை. பெரும்பாலும் ஏதோ ஒரு சனிக்கிழமை ஆடுகிறார். அடுத்த வாரம் அணிப் பட்டியலில் பெயர் இல்லை. ஜூன் 30 கடந்துபோகிறது. அந்தச் சனிக்கிழமையைக் கண்டுபிடியுங்கள். தேதி, எதிரணி, முடிவு, அவர் அணிந்த சட்டை எண் ஆகிய நான்கையும் எழுதி, அங்கேயே நிறுத்துங்கள்.