அடியில் விழுந்த விரிசல்

சக்கரத்தில் நான் வனைந்த கிண்ணங்கள் காயும்போதே அடியில் 'எஸ்' வடிவில் வெடித்துக்கொண்டிருந்தன. மண்ணை மாற்றிப் பார்த்தேன், பலனில்லை. அப்புறம், வனைவதையே தொழிலாகக் கொண்ட ஓர் அக்காவிடம் கற்கப் போனேன். கிண்ணத்தைத் திருப்பிப் பார்த்ததுமே, "சுவரை நல்லா அழுத்தித் தூக்கியிருக்கே, அடியை அழுத்தவே இல்லையே" என்றார். கட்டைவிரலால் நடுவிலிருந்து ஓரம் வரை, திரும்ப நடுவுக்கு என்று 3 முறை அழுத்திக் காட்டினார். மண் பளபளவென்று இறுகியது. உள்ளே தேங்கிய தண்ணீரை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்தார். விளிம்பு முதலில் காய்ந்து சுருங்கிவிடும். ஈரமான அடி பிறகு சுருங்கும்போது கிழிந்துவிடும். அதனால் இப்போது விளிம்பு சற்று இறுகியதும் கவிழ்த்து, பிளாஸ்டிக் தாளால் மூடி மெதுவாகக் காயவிடுகிறேன். கடைசியாகச் சூளையில் வைத்த 6 கிண்ணங்களில் ஒன்றுகூட வெடிக்கவில்லை.